எந்தப் படியில் நின்றது? துவங்காத கணினியைப் பழுதறியும் முறை

"சிஸ்டம் ஆன் ஆகவில்லை" என்று சொல்லும் நான்கு பேரைக் கொஞ்சம் விசாரித்தால் நான்கு வேறு சங்கதிகள் வெளிவரும். ஒருவருடைய கணினியில் பவர் பட்டனை அழுத்தினால் சிறு விளக்குகூட எரியாது. இன்னொருவருடையதில் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. மூன்றாமவர் பார்ப்பது கறுப்புத் திரையில் பூட் செய்ய டிஸ்க் கிடைக்கவில்லை என்னும் ஒற்றை ஆங்கில வரி. நான்காமவருக்கு விண்டோஸின் வட்டப் புள்ளிகள் நெடுநேரம் சுற்றி, கடைசியில் நீலத் திரை வந்து நிற்கிறது. இந்த நான்குக்கும் நாம் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறோம். அதனால் பல இடங்களில் நான்குக்கும் ஒரே வைத்தியம் கிடைக்கிறது: "ஃபார்மட் போட்டுடலாம்." இந்த அத்தியாயம் அந்த அவசரத்துக்கு எதிரான வாதம். கணினி துவங்குவது ஒரு நொடியில் நடக்கும் ஒற்றைக் காரியம் போலத் தெரிந்தாலும், ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் நான்கு படிகள் அதில் உள்ளன. எந்தப் படியில் நின்றது என்று தெரியும்வரை எந்த உறுப்பையும் மாற்றக் கூடாது, எந்தக் கோப்பையும் அழிக்கக் கூடாது. பழுதுபார்ப்பதில் பாதி வேலை அந்தப் படியைக் கண்டுபிடிப்பதுதான்.

நான்கு படிகள்

முதல் படி மின்சாரம். சுவரில் பிளக்கைச் செருகி எஸ்எம்பிஎஸ்ஸின் சுவிட்சைப் போட்டதுமே, கணினி அணைந்திருந்தாலும், 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பவர் பட்டன் மின்சாரத்தை நேரடியாகத் திறந்துவிடும் சுவிட்ச் இல்லை. மதர்போர்டுக்கு "எழுந்திரு" என்று சொல்லும் அழைப்பு மட்டுமே. மதர்போர்டு அதை எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்ல, அது 12, 5, 3.3 வோல்ட் மின்சாரங்களைத் தரத் தொடங்குகிறது. அவை நிலைப்பட்டதும் "எல்லாம் சீர்" என்று ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. இதெல்லாம் அரை நொடிக்குள் முடிந்துவிடும். அந்தச் சமிக்ஞை வராதவரை பிராசஸர் ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றாது. இரண்டாம் படி சுயபரிசோதனை. மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ், அல்லது அதன் இன்றைய வாரிசான யுஇஎஃப்ஐ, பிராசஸரையும் ரேமையும் கிராஃபிக்ஸையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. 1981இல் ஐபிஎம் நிறுவனத்தின் முதல் பிசி வந்தபோதே இந்தச் சோதனை இருந்தது. மூன்றாம் படியில் பயாஸ், இயங்குதளம் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று தேடி, அதன் துவக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. நான்காம் படியில் விண்டோஸோ லினக்ஸோ தன் மையப் பகுதியையும் டிரைவர்களையும் ஏற்றி, நம்மை லாகின் திரைக்குக் கொண்டுவருகிறது.

இந்த வரிசையில் ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. பின்னால் வரும் படி ஒன்று நடந்துவிட்டது என்றால், முன்னால் உள்ளவை அந்த முறை நடந்து முடிந்தன என்று அர்த்தம். திரையில் நிறுவனத்தின் லோகோ தெரிந்தால் மின்சாரம் வந்திருக்கிறது, பிராசஸர் ஓடுகிறது, ரேமும் கிராஃபிக்ஸும் சோதனையில் தேறியிருக்கின்றன. அப்போது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேட்கலாம். லோகோவே வரவில்லை என்றால் பயாஸ் இன்னும் டிஸ்கைத் தேடவே தொடங்கியிருக்காது. விண்டோஸ் நன்றாக இருக்கிறதா கெட்டிருக்கிறதா என்பது இந்த இடத்தில் பேச்சுக்கே இடமில்லாத கேள்வி. ஃபார்மட் என்பது நான்காம் படிக்கும், மூன்றாம் படியின் ஒரு பகுதிக்கும் மட்டுமே பொருந்தும் வைத்தியம். அதை எல்லாப் படிக்கும் செய்வது, கால் முறிந்தவருக்கும் காய்ச்சல்காரருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பதற்குச் சமம்.

கண்ணும் காதும் போதும்

எந்தப் படி என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம். பட்டனை அழுத்தியதும் விளக்கோ ஃபேனோ எதுவும் அசையவில்லை என்றால் முதல் படி. இங்கே சோதனை சுவரிலிருந்து தொடங்க வேண்டும்: அந்த பிளக் பாயின்ட்டில் வேறு விளக்கைப் போட்டுப் பாருங்கள், யுபிஎஸ்ஸையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தவிர்த்து நேரடியாகச் சுவரில் செருகுங்கள், பவர் கேபிளை மாற்றுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்சைப் பாருங்கள். லேப்டாப் என்றால் அடாப்டரைக் கழற்றிவிட்டு, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்த பிறகு அடாப்டரை மட்டும் மாட்டிப் பார்த்தால் உயிர் வருவது உண்டு. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகள் ஆளை வீழ்த்தும் அளவுக்கு மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டாகவே இருக்கிறது என்றால் இரண்டாம் படிக்கு வந்துவிட்டோம். முதலில் கணினி உண்மையிலேயே நின்றுவிட்டதா, படம் மட்டும் வரவில்லையா என்று பிரிக்க வேண்டும். கீபோர்டில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் பெரும்பாலும் மதர்போர்டும் பிராசஸரும் இயங்குகின்றன. மானிட்டர், அதன் கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றில் ஒன்றுதான் சிக்கல். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கேபிளை மதர்போர்டின் சாக்கெட்டில் மாட்டிவிட்டு டிஸ்ப்ளே போய்விட்டது என்று நினைப்பது அடிக்கடி நடக்கும். விளக்கு மாறவில்லை என்றால் காதைத் தீட்டுங்கள். ஸ்பீக்கர் இணைக்கப்பட்ட மதர்போர்டுகள் பீப் ஒலியால் பழுதைச் சொல்லும்; எத்தனை பீப், நீளமா குட்டையா என்பதன் பொருள் பயாஸ் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும் என்பதால், எண்ணி எழுதிக்கொண்டு உங்கள் மதர்போர்டின் கையேட்டில் பாருங்கள். புதிய மதர்போர்டுகள் பலவற்றில் பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ், பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சோதனை நின்றிருக்கிறது. இவ்வளவு தெளிவாகப் பழுதைச் சொல்லும் விளக்குகளைக் கேபினெட்டின் மூடியைத் திறந்து பார்க்காமலே பலர் பணம் செலவழித்துவிடுகிறார்கள்.

இந்தப் படியில் அதிகம் தொல்லை தருவது ரேம்தான், அதிலும் ரேம் கெட்டுப்போனதைவிட அதன் தொடர்பு கெட்டுப்போனது. தூசியும் ஈரக்காற்றும் பட்டு முனைகளில் படலம் படியும். பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ரேமைக் கழற்றி, முனைகளை மென்மையான பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் "க்ளிக்" என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை. அதற்கும் மசியாவிட்டால் மதர்போர்டு, பிராசஸர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அது சந்தேகத்துக்கு உரியது. ஒரே ஓர் எச்சரிக்கை: டிடிஆர்5 ரேம் உள்ள புதிய கணினிகள், ரேமை மாற்றிய பின் முதல் முறை அதைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் இருட்டுத் திரையோடு இருக்கலாம். பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்தினால் அந்தப் பழக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

சில பத்து ரூபாய் செல்லும் பறிபோன கோப்புகளும்

மூன்றாம் படியில் நின்ற கணினிதான் தேவையில்லாமல் அதிகம் ஃபார்மட் செய்யப்படுகிறது. டிஸ்க் இல்லை என்ற வரியைக் கண்டதும் விண்டோஸ் போய்விட்டது என்ற முடிவுக்கு வருகிறார்கள். முதலில் செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்; லோகோவில் உறைந்து நிற்கும் கணினிகளிலும் இதுவே முதல் சோதனை. பிறகு டெலீட், எஃப்2 போன்ற விசையால் பயாஸுக்குள் போய் உங்கள் எஸ்எஸ்டியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த ஒரு பார்வை பாதையை இரண்டாகப் பிரிக்கிறது. பெயரே இல்லையென்றால் கேபிள், இணைப்பு, அல்லது டிஸ்க். இல்லாத டிஸ்கில் விண்டோஸை எங்கே போய்ப் பதிப்பது? பெயர் இருக்கிறது, துவங்கவில்லை என்றால் பூட் வரிசை மாறியிருக்கலாம், அல்லது துவக்க நிரல் சிதைந்திருக்கலாம்.

இந்த இடத்தில் மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட், சில பத்து ரூபாய்க்குக் கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். மேஜைக் கணினிகளில் கணினி அணைந்திருக்கும்போது நேரத்தையும், பல மதர்போர்டுகளில் பயாஸ் அமைப்புகளையும் காப்பது இதுதான். செல் தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பலாம். டிஸ்கோடு பேசும் முறையோ, பழைய பயாஸ் முறை, யுஇஎஃப்ஐ முறை என்ற தேர்வோ அப்படி மாறிவிட்டால் நேற்று மாலை வரை ஓடிய விண்டோஸ் இன்று துவங்காது. திரையில் வருவது பூட் டிஸ்கை அணுக முடியவில்லை என்ற நீலத் திரையாக இருக்கலாம். அந்தத் திரையை மட்டும் பார்ப்பவர் ஃபார்மட் செய்வார். புதிய விண்டோஸ் புதிய அமைப்புக்கு ஏற்பப் பதிந்து ஓடவும் செய்யும். சரியாகிவிட்டது என்று எல்லோரும் நம்புவார்கள். செல் அங்கேயே செத்துக் கிடக்கும், பிள்ளைகளின் புகைப்படங்கள் போயிருக்கும். வைத்தியம் வேலை செய்வது போலத் தோன்றுவதாலேயே தவறான வைத்தியம் ஒரு பழக்கமாக நிலைத்துவிடுகிறது. தேதி பின்னோக்கிப் போயிருக்கிறதா என்று பார்க்கப் பத்து நொடி போதும்.

85 லட்சம் கணினிகள் சொன்ன பாடம்

நான்காம் படிக்கு உலகமே கண்ட சான்று ஒன்று உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம், இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு புதுப்பிப்புக் கோப்பை அனுப்பியது. அதில் இருந்த பிழையால் விண்டோஸின் மையப் பகுதியில் ஓடும் அதன் டிரைவர் முறிந்தது. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரைக்கும் மறுதுவக்கத்துக்கும் இடையில் சிக்கிக்கொண்டன. மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை கணினிகளிலும் மின்சாரம் சரியாக இருந்தது, சுயபரிசோதனை தேறியது, டிஸ்க் கிடைத்தது, விண்டோஸ் ஏறத் தொடங்கவும் செய்தது. நின்ற இடம் நான்காம் படியின் நடுவில், ஒரே ஒரு டிரைவரிடம். தீர்வும் அந்த அளவுக்கே இருந்தது: சேஃப் மோடிலோ மீட்புச் சூழலிலோ நுழைந்து, அந்த ஒற்றைக் கோப்பை அழித்து, மறுபடி தொடங்குவது. பயனாளரின் ஒரு ஆவணத்தையும் தொட வேண்டியிருக்கவில்லை.

உங்கள் கணினிக்கும் இதே பாதைதான். விண்டோஸ் அடுத்தடுத்து இரண்டு முறை துவங்கத் தவறினால் அடுத்த முறை தானாகவே மீட்புச் சூழலைத் திறக்கும்; திறக்காவிட்டால், வட்டப் புள்ளிகள் தெரியும்போது பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்து அங்கே போகலாம். அங்கே ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குதல், சிஸ்டம் ரீஸ்டோர், சேஃப் மோடு என்று வழிகள் இருக்கும். சேஃப் மோடு அடிப்படை டிரைவர்களை மட்டும் ஏற்றுவதால், அதில் துவங்கி வழக்கமான முறையில் துவங்காத கணினியில் குற்றவாளி பெரும்பாலும் அண்மையில் சேர்த்த டிரைவரோ மென்பொருளோதான். இந்த வழிகளை இழப்புக் குறைந்ததிலிருந்து கூடியது நோக்கி வரிசையாக முயல வேண்டும். கடைசிக்கு முந்தையதாக, சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் புதுப்பிக்கும் ரீசெட் இருக்கிறது. முழு ஃபார்மட் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியது. அந்த ஜூலை நாள் கற்பித்த இன்னொரு பாடம்: டிஸ்கை பிட்லாக்கர் பூட்டியிருந்த கணினிகளில் மீட்புச் சூழலுக்குள் நுழைய 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டது, அதைக் கையில் வைத்திராதவர்கள் காத்துக் கிடந்தார்கள். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் இந்தப் பூட்டு தானாகவே போடப்படுகிறது. பயாஸில் எதையும் மாற்றுவதற்கு முன் அந்தச் சாவியை வேறொரு சாதனத்தில் கணக்கைத் திறந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்புகளும் பதில்களும்

இந்த முறைக்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது இது: பழுது ஒரு படியில் இருந்துகொண்டு வேறொரு படியில் முகம் காட்டலாமே? உண்மை. மெலிந்துபோன எஸ்எம்பிஎஸ் ஃபேனைச் சுற்ற வைக்கும், லோகோவைக் காட்டும், விண்டோஸ் ஏறிச் சுமை கூடும்போது மட்டும் சரியும். ஒரு மூலையில் கெட்ட ரேம் மேலோட்டமான சுயபரிசோதனையில் தேறிவிட்டு, விண்டோஸில் நாளுக்கொரு நீலத் திரையாக வரும். சாகப்போகும் ஹார்டு டிஸ்க், மணிக்கணக்கில் முடியாத ஸ்டார்ட்அப் ரிப்பேராகத் தெரியும். எனவே நின்ற படி என்பது தீர்ப்பாகாது, விசாரணை தொடங்கும் இடம். அதை உறுதிசெய்ய ஒரு குறுக்குச் சோதனை வேண்டும். பென் டிரைவில் உபுண்டு போன்ற லினக்ஸைப் பதிந்து, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் நிலையாக ஓடினால் எஸ்எம்பிஎஸ், ரேம், மதர்போர்டு மீதான சந்தேகம் வெகுவாகக் குறையும். பழுது டிஸ்கிலோ விண்டோஸிலோ இருக்கிறது. அதுவும் சரிந்தால் விண்டோஸை எத்தனை முறை பதித்தாலும் பயனில்லை. மெம்டெஸ்ட்86 போன்ற நிரலை இரவு முழுக்க ஓடவிட்டு ரேமைத் தனியாகச் சோதியுங்கள். இந்தச் சோதனையில் இன்னொரு நன்மையும் உண்டு: பூட்டப்படாத டிஸ்கில் உள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்தே வேறு டிஸ்குக்கு நகலெடுத்துவிடலாம்.

"ஃபார்மட் ஒரு மணி நேரத்தில் முடியும், இவ்வளவு ஆராய ஒரு நாள் ஆகும்" என்பது அடுத்த மறுப்பு. கணக்கைச் சரியாகப் போட வேண்டும். விண்டோஸைப் பதிக்கத்தான் ஒரு மணி நேரம். டிரைவர்கள், அலுவலக மென்பொருள், டேலி, தமிழ் எழுத்துருக்கள், பிரின்டர், கடவுச்சொற்கள் எல்லாம் பழையபடி வந்து சேரச் சில நாட்கள் ஆகும்; நகல் இல்லாத கோப்புகள் எத்தனை நாள் ஆனாலும் வராது. மேலே சொன்ன முதல் கட்டக் கவனிப்போ பத்து நிமிட வேலை. ஃபார்மட்டே தேவைப்படும் நேரங்கள் உண்டு: வைரஸ் ஆழமாகப் புகுந்திருந்தால், எல்லா மீட்பு வழியும் தோற்றிருந்தால், கோப்புகளின் நகல் பத்திரமாக இருந்தால் தயங்காமல் செய்யலாம். மறுப்பு அவசரத்துக்குத்தான்.

"நல்ல உதிரிகளை மாற்றி மாற்றிப் போட்டால் தானே தெரிந்துவிடும்" என்று சர்வீஸ் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரியாக இயங்குகிறது என்று உறுதியாகத் தெரிந்த உதிரி கையில் இருந்தால், ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால், அது நல்ல சோதனையே. ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றிச் சரியானால் எது கெட்டது என்று தெரியாமலே இரண்டுக்கும் விலை கொடுத்திருப்போம். ரேமும் எஸ்எஸ்டியும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட இன்றைய மெல்லிய லேப்டாப்புகளில் மாற்றிப் பார்க்கவும் வழியில்லை. அங்கே விளக்கு, ஒலி, திரையில் வரும் வரி ஆகியவையே நமக்குள்ள சாட்சிகள், ஆகவே கவனிப்பின் மதிப்பு அங்கே கூடுகிறது. ஒரே ஒரு நிலையில் மட்டும் சோதனையையே நிறுத்திவிட வேண்டும்: ஹார்டு டிஸ்கிலிருந்து "டிக், டிக்" என்று தட்டும் ஒலி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், டிஸ்கைச் சரிபார்க்கும் நிரலை ஓட்டும்போதும், மீட்கக்கூடிய தகவல் குறைந்துகொண்டே போகும். அதில் உள்ளவை உங்களுக்கு முக்கியம் என்றால் டேட்டா மீட்பில் தேர்ந்தவரிடம்தான் போக வேண்டும்.

"நமக்கெதற்கு இதெல்லாம், கடையில் கொடுத்தால் பார்த்துக்கொள்வார்கள்" என்பவர்களும் உண்டு. கடைக்குப் போவதில் தவறில்லை. திறமையான சர்வீஸ் ஆட்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களுக்கும் உங்கள் கண்ணில் பட்ட தகவல் தேவை, ஏனென்றால் விட்டுவிட்டு வரும் பழுது கடையின் மேஜையில் வராமலே போகலாம். கணினியோடு ஒரு சீட்டும் கொடுத்தனுப்புங்கள். பட்டனை அழுத்தியதும் விளக்கும் ஃபேனும் என்ன செய்தன, லோகோ வந்ததா, திரையில் கடைசியாக வந்த வரி என்ன என்று எழுதுங்கள். அந்தத் திரையைச் செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பழுது தொடங்குவதற்கு முன் கடைசியாகச் சேர்த்தது, மாற்றியது, அப்டேட் ஆனது எது என்று எழுதுங்கள். நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்தவற்றையும் எழுதுங்கள். கடைசி வரியாக, கீழே கோடிட்டு, இதையும் சேருங்கள்: "உள்ளே நகல் எடுக்காத கோப்புகள் இருக்கின்றன. ஃபார்மட் செய்வதற்கு முன் என்னைக் கேளுங்கள்."